காதல் நவீனமும் கடற்கரை வாசகியும்

காதற் கதைகளைப் பற்றிக் கலாசாலைச் சஞ்சிகையில் எழுதப் புகுவோர் முதற்கண் வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுதல் வழக்கம். யான் அவ்வழக்கத்தைக் கைவிடுகின்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டியது வாசகரிடத்தன்று, ஒரு மாணாக்கியிடத்து, அதனை முன்னரே கேட்டுவிட்டேன். அன்றியும், இத்தகைய கதைகளை இரவிற் படித்துப் பகலில் இகழ்வோர் நம்மிடையே பலர் உளர். அவருள் யானும் ஒருவனாக நெடுங்காலம் இருந்தேன். ஆதலின், ஒரு நவீனத்தின்மேல் வாசகர் காதல் கொள்கின்றார் என்பதன் பொருள் யாது, அக்காதல் எவ்வாறு தோன்றுகின்றது என்பவற்றை, எனக்கு நேர்ந்த ஒரு சிறு விருத்தாந்தத்தோடு சேர்த்து ஈண்டு எழுதலாமெனத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் பிற்பகல் வகுப்பில் நெய்தற்கலி நடத்திக்கொண்டிருந்தேன். கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு. அதற்குரிய உரிப்பொருள் இரங்கல் என்று விளக்கிய வண்ணம் நோக்குகையில், சன்னலருகே அமர்ந்திருந்த ஒரு மாணாக்கியின் கண்கள் உண்மையாகவே நீர் நிறைந்திருந்தன. என் விளக்கம் இத்துணை உருக்கமாக அமைந்ததோ என ஒரு கணம் மகிழ்ந்தேன். அருகிற் சென்றபின்னரே கலித்தொகையின் அடியில் வேறொரு புத்தகம் விரிந்திருத்தல் தெரிந்தது. அது ரமணிசந்திரன் அம்மையாரின் ‘வெண்மையில் எத்தனை நிறங்கள்’. வகுப்பு முழுதும் நகைக்க, இரண்டொரு கடுஞ்சொற் கூறி அதனைப் பறித்துக்கொண்டேன். அக்கடுஞ்சொற்களை ஈண்டுத் திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை.

அன்றிரவு அப்புத்தகம் என் மேசைமேற் கிடந்தது. இத்தகைய நூல்களில் என்னதான் உளது என்று அறிந்து கண்டிக்கும் நோக்கத்துடனேயே அதனைத் திறந்தேன். கண்டிப்பதற்குப் பத்துப் பக்கங்கள் போதுமாயிருந்திருக்கும். யானோ நள்ளிரவு கடந்து, இறுதிப் பக்கத்தைப் படித்து முடித்த பின்னரே விளக்கை அணைத்தேன். மறுநாள் காலை அதனைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மாணாக்கி தாழ்ந்த குரலிற் கூறியது இதுவே: அது அவளுடைய புத்தகமன்று, பேருந்து நிலையத்தருகேயுள்ள வாடகை நூல் நிலையத்திலிருந்து நாள் வாடகைக்கு எடுத்தது. அவள் படிப்பது தனக்காக மட்டுமன்று. இரவில் தன் தாய்க்குப் படித்துக் காட்டவேண்டும். முந்திய இரவு புத்தகமில்லாமையால் அவ்வம்மையார் கதை என்னவாயிற்றோ என்று உறங்காதிருந்தார். அஃதாவது, அவ்விரவில் அக்கதையை முன்னிட்டு விழித்திருந்தோர் இருவர். ஒருவர் புத்தகமின்றி, மற்றவர் புத்தகத்தோடு. இதனை அவளிடம் யான் சொல்லவில்லை. மன்னிப்பை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நாவலென்னும் இலக்கிய வகை தமிழில் தோன்றிய நாள்தொட்டே அதனைப் பற்றிய நாணமும் உடன் தோன்றியது. 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ காதலையும் நீதியையும் கலந்தே பரிமாறிற்று. நீதி மிகுதியாயிருந்தமையாற் பெரியோர் பொறுத்துக்கொண்டனர் போலும். நவீனம் பெண்டிர் கையை எட்டியபோதே கூக்குரல் உயர்ந்தது. 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நவீனங்களை எழுதியவர். அவர் தம் முதல் நூலாகிய ‘இந்திர மோகனா’வை இயற்றியபோது சரளமாக எழுதும் பயிற்சி இல்லாதவராயிருந்தார், ஆதலின் தாம் வாயாற் சொல்லத் தம் தோழி பட்டம்மாள் ஏட்டில் எழுதுமாறு செய்தார். எழுதத் தெரியாத ஒருவர் கதை சொல்லவும், படிக்கத் தெரியாத ஒருவர் கதை கேட்கவும் நம் நாட்டில் என்றும் வழி இருந்தே வந்தது. இடையில் நின்று புத்தகத்தைப் பறித்தவர்கள் என்போன்ற எழுத்தறிந்தோரே.

வாய்விட்டுப் படிக்கப் பலர் இருந்து கேட்பது இம்முத்துக்குளித்துறைக் கரைக்குப் புதிதன்று. ஐரோப்பியப் பாதிரியாரான அண்டிரிக் அடிகளார் 16-ஆம் நூற்றாண்டில் இக்கரையிற் பல்லாண்டு வாழ்ந்து தமிழ் கற்று, பரதவர்க்கென உரைநடையில் எழுதி 1586-இல் அச்சிட்ட ‘அடியார் வரலாறு’ ஒரு பெரிய நூல். எழுத்தறிந்தோர் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில் அந்நூல் பெரிதும் செவி வழியாகவே பரவியிருக்க வேண்டும் என ஊகித்தல் தவறாகாது. அதில் வருவன புனிதர்களின் வரலாறுகள், காதற் கதைகளல்ல. ஆயினும், அடுத்து என்ன நேர்ந்தது என்று கேட்கும் செவி ஒன்றே. இங்கிலாந்திலும் இத்தகைய செய்தியொன்று வழங்குகின்றது. 1740-இல் ரிச்சர்ட்சன் எழுதிய ‘பமிலா’ என்னும் நவீனத்தை ஒரு சிற்றூரில் கொல்லன் ஒருவன் வாய்விட்டுப் படிக்க, ஊரார் கூடிக் கேட்டனராம். பணிப்பெண்ணாகிய கதாநாயகிக்கும் அவளுடைய எசமானனுக்கும் மணம் நிறைவேறிய இடம் வந்ததும், கேட்டிருந்தோர் மகிழ்ச்சி தாளாது ஓடிச்சென்று கோயில் மணியை அடித்தனர் என்பர். இது செவிவழிச் செய்தி. உண்மையோ அன்றோ, நம் மாணாக்கியின் தாயார் கேட்டால் நம்பக்கூடியது.

இனி, ரமணிசந்திரன் அம்மையாரின் கதைகள் வாசகரைப் பற்றும் முறையை நோக்குவோம். அவர் 1938-இல் பிறந்தவர். திருச்செந்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். ஆதலின் நம் கடற்கரைக்கு அயலாரல்லர். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நவீனங்களை எழுதியவர். தமிழில் மிகுதியாக விற்பனையாகும் நூல்களை எழுதியோருள் அவர் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். வாடகை நூல் நிலையங்களில் அட்டை கிழிந்து, மறு அட்டை ஒட்டி, அதுவும் கிழிந்து காணப்படும் புத்தகம் எதுவெனக் கேட்டால் அது பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். அந்நிலையங்கள் இப்பொழுது அருகிவிட்டன. அக்கதைகளோ கைப்பேசித் திரையிலும் படிக்கப்படுகின்றன.

இக்கதைகளின் அமைப்பு எளியது. செல்வமும் செருக்கும் உடைய ஓர் ஆடவன். வறுமையிலும் மானம் குன்றாத ஒரு நங்கை. இருவர்க்கும் இடையே ஒரு தவறான எண்ணம். சிலபோது திருமணமே முதலில் நிகழ்ந்து, அன்பு பின்னர் மெல்ல வந்து சேரும். முடிவு முதற்பக்கத்திலேயே தெரியும். முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கவேண்டும் என்பதே அறிஞர் எழுப்பும் வினா. கரையில் நிற்கும் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். படகு கரையேறிவிட்டது என்று அறிந்தபின், நடுக்கடலில் வீசிய காற்றைப் பற்றிக் கேட்பதில் ஓர் இன்பம் உண்டு. படகு வந்து சேருமுன் அதே காற்றைப் பற்றிக் கேட்கும் மனநிலை எவர்க்கும் வாயாது. முடிவு உறுதியாயிருத்தலே இடையிலுள்ள துன்பத்தை நுகரத்தக்கதாக்குகின்றது.

அன்றியும், இக்கதைகளில் ஓரிடம் தவறாது வரும். என்னை நள்ளிரவு கடந்தும் விழித்திருக்கச் செய்தது அவ்விடமே. செருக்குற்ற ஆடவன், தான் பிழை செய்தமையை உணர்ந்து, அதனை அந்நங்கையின் முகத்திற்கு நேரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. முத்தமிடுவதும் மாலையிடுவதும் அதற்குப் பிற்பட்டவை. தம் வாழ்நாளில் ஓர் ஆடவன் தம்மிடம் “நான் செய்தது தவறு” என்று சொல்லக் கேட்டறியாத பெண்டிர் எத்துணைப் பேர் என்று எண்ணிப்பார்த்தால், அப்பக்கம் ஏன் விரலழுக்குப் படிந்து கறுத்திருக்கின்றதென்பது விளங்கும். முந்திய நாள் வகுப்பிற் பேசிய கடுஞ்சொற்கள் எனக்கு நினைவு வந்ததும் அவ்விடத்திலேதான்.

இதனினும் நுட்பமான காரணம் ஒன்று உளது. அதற்கு வழிகாட்டுபவர் தொல்காப்பியரே. அகத்திணையில் தலைவனையும் தலைவியையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அவர் வகுத்த விதி. பெயர் சுட்டின் அது ஒருவர்க்கு நேர்ந்த செய்தியாகிவிடும். சுட்டாதொழியின் எவர்க்கும் உரியதாகும். தலைவியென்னும் அவ்விடம் காலியாக விடப்பட்ட ஓர் ஆசனம் போன்றது. படிப்போர் அதில் அமர்ந்துகொள்ளலாம். ரமணிசந்திரன் அம்மையாரின் தலைவியர்க்குப் பெயர் உண்டு. ஆயினும் அப்பெயரை மாற்றி வேறொன்றை இட்டாலும் கதை கெடுவதில்லை. இதனைக் குறையென்று விமர்சகர் எழுதுவர். இதுவே அக்கதையின் வாயில் என்பேன். தலைவிக்கு முகம் தெளிவாக வரையப்படாமையாற்றான் கருவாட்டு வியாபாரம் செய்து களைத்து வந்த ஒரு தாய் தன் முகத்தை அங்கு வைக்க முடிகின்றது. தொல்காப்பியர் தலைமக்கட்குரிய ஒப்புமை பத்துக் கூறி, அவற்றுள் திருவையும் ஒன்றாக எண்ணினார். ஆயினும் தலைவன் மிக்கவனாயிருத்தலைக் கடியவில்லை. செல்வமிக்க தலைவனை வறிய தலைவி மணக்கும் கதைக்கு இலக்கணத்தின் அனுமதி அன்றே கிடைத்துவிட்டது.

அமெரிக்க நாட்டில் ஜானிஸ் ராட்வே என்னும் பேராசிரியை, காதல் நவீனங்களை விடாது படிக்கும் இல்லத்தரசியர் பலரைக் கண்டு உரையாடி 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். கதையிலுள்ள காதலைப் பற்றியே அவர்கள் பேசுவர் என எதிர்பார்த்த அவருக்கு, அவர்கள் படிக்கும் செயலைப் பற்றி மிகுதியாகப் பேசியது வியப்பளித்தது. கையில் புத்தகம் விரிந்திருக்கும் நேரம் தமக்கே உரிய நேரம். கணவனும் மக்களும் அப்பொழுது தம்மை ஏவ இயலாது என்பதே அவர்கள் கூறியதன் சாரம். நம் கடற்கரையில் அந்நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல், வலையும் கூடையும் ஒதுக்கப்பட்ட திண்ணையில் வாய்ப்பது போலும்.

மேற்கூறிய தாயாரை யான் நேரிற் கண்டது கல்விக் கட்டணம் செலுத்தும் நாளொன்றில். மகளின் புத்தகத்தைப் பறித்தவன் யானென்பதை அவர் அறிந்திருந்தார். அதுபற்றி ஒன்றும் பேசவில்லை. கணவர் விசைப்படகிற் கூலிக்குச் செல்பவர் என்றும், தாம் மூன்றாம் வகுப்போடு நின்று எழுத்தை மறந்துவிட்டவர் என்றும் தாமே கூறினார். பின்னர்ச் சிறிது தயங்கி ஒன்று கேட்டார்.

“ஐயா, இந்தக் கதையில வாறவங்க எல்லாம் கார்ல போறாங்க, பங்களால இருக்காங்க. நம்ம கடக்கரை ஆளுகள வச்சு யாரும் காதல் கதை எழுதலையா?”

எழுதியிருக்கின்றனர். ராஜம் கிருஷ்ணன் அம்மையார் இக்கரையில் வந்து தங்கி மக்களோடு பழகி 1978-இல் ‘அலைவாய்க் கரையில்’ எழுதினார். அடுத்த ஆண்டில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். இக்கரையிற் பிறந்த ஜோ டி குருஸ் அவர்களின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இலும், ‘கொற்கை’ 2009-இலும் வெளிவந்தன. பின்னது 2013-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இவை யாவும் பெருமைக்குரியன. ஆயினும் அவ்வம்மையார் கேட்டது காதற் கதை. ஆகவே 1977-இல் வெளிவந்த வண்ணநிலவன் அவர்களின் ‘கடல்புரத்தில்’ என்னும் சிறு நவீனத்தின் என் பிரதியை மகளிடம் கொடுத்தனுப்பினேன். கொடுத்தபின் ஓர் அச்சம் தோன்றியது. வாசகர்க்கு அவ்வச்சத்தின் காரணம் விளங்கவேண்டின் அக்கதையைச் சிறிது கூறவேண்டும்.

கதை நிகழுமிடம் மணப்பாடு. நம்முட் பலர் செப்டம்பர் மாதத்துத் திருவிழாவிற்குச் சென்று, கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயிலைக் கண்டிருப்பர். பறங்கியரின் வரவு, சவேரியார் தங்கிய குகை ஆகிய இவற்றைச் சரித்திரப் பாடமாக அறிந்த நமக்கு, அவ்வூரின் ஒரு சாதாரண வீட்டினுள் நுழைந்து அடுப்படி வரை செல்ல வழிகாட்டியது இந்நூலே. குரூஸ் மிக்கேல் என்பவன் வல்லமுடைய பரதவன். வல்லமென்பது பலகை வைத்துக் கட்டிப் பாய் விரித்தோட்டும் படகென்பதை இக்கரையிலுள்ளோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. உள்நாட்டு மாணவர் பொருட்டு எழுதுகின்றேன். அவன் மகன் செபஸ்தி ஆசிரியத் தொழிலுக்குச் சென்றவன். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு தந்தையை வற்புறுத்துபவன். மகள் பிலோமி. அவள் சாமிதாஸை நேசிக்கின்றாள். தன்னையே அவனுக்குக் கொடுத்துவிடுகின்றாள். அவனோ இறுதியில் வேறொருத்தியை மணக்கின்றான்.

இவ்வளவுதான் காதற் பகுதி. மணியடித்து மகிழத்தக்க இடம் அதில் ஒன்றுமில்லை. இதனைச் சூழ்ந்து ஊரே கொந்தளிக்கின்றது. வல்லத்தார்க்கும் விசைப்படகாகிய லாஞ்சியார்க்கும் பகை மூள்கின்றது. இஃது ஆசிரியரின் வெறுங் கற்பனையன்று. முத்துக்குளிப்பு இக்கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்காலத்தை ஒட்டியே இயந்திரப் படகுகள் பெருகின. கரைக்கு அண்மையில் மடி இழுக்கும் அப்படகுகள் பாய்விரித்தோடுவோரின் வலையையும் பிழைப்பையும் ஒருங்கே அறுத்தன. கரையெங்கும் கைகலப்பும் தீவைப்பும் நிகழ்ந்தன. தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இலேயே வந்தது. ‘கடல்புரத்தில்’ அதற்கு ஆறாண்டு முற்பட்டது. குரூஸ் மிக்கேல் தன் வல்லத்தை நேசிப்பதும் பிலோமி சாமிதாஸை நேசிப்பதும் அந்நூலில் ஒரே இழையால் நெய்யப்பட்டுள்ளன. இரண்டும் கையை விட்டுப் போகின்றன. வல்லத்தைப் பிரிந்த தந்தையின் மனம் நிலைகுலைகின்றது. மகளின் மனம் நிலைகுலைவதில்லை. அவள் சாமிதாஸைச் சபிப்பதுமில்லை. தன்னை வீழ்ந்தவளென்று எண்ணுவதுமில்லை. தன் தாய் மரியம்மைக்கு ஊர் வாத்தியாரிடத்து இருந்த அன்பை ஊரார் ஏசினர். தாய் மறைந்தபின் அவ்வாத்தியாரையே பிலோமி நட்பாகக் கொள்கின்றாள். தாயை அவள் முழுதும் அறிந்துகொள்வது தாயில்லாத வீட்டில்தான்.

வாசகர் இப்பொழுது என் அச்சத்தின் காரணத்தை உணர்ந்திருப்பர். மணப்பருவத்து மகளை உடைய ஒரு தாயிடம், மகள் தன்னைக் கொடுத்துக் கைவிடப்பட்ட கதையை, அம்மகளின் வாயாலேயே படிக்குமாறு கொடுத்துவிட்டேன். தாயின் மறைவான அன்பைப் பற்றிய பக்கங்களைத் தாய்க்கு முன் மகள் எவ்வாறு படிப்பாள்? ஒரு திங்கள் வரை விடையொன்றும் வரவில்லை. அம்மாணாக்கியும் ஒன்றும் கூறவில்லை. யானும் கேட்கத் துணியவில்லை.

அத்திங்களில் யான் அந்நூலை வேறொரு பிரதியில் மீண்டும் படித்தேன். முதன்முறை படித்தபோது கல்லூரி மாணவனாயிருந்தேன். பிலோமியின்மேற் காதல் கொண்டேன் என்று சொன்னால் மிகையன்று. ரமணிசந்திரன் அம்மையாரின் நூலைப் படித்த இரவில் எனக்கு அத்தகைய காதல் தோன்றவில்லை. அங்கு யான் யாரோ ஒருவரின் ஆசனத்தில் அமர்ந்திருந்தேன். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததன் பயனாக ஒன்று தெளிந்தது. நவீனத்தின்மேற் காதல் கொள்வதில் இருவகை உண்டு. தலைவியின் இடத்தில் நாமே புகுந்துகொண்டு, நம்மை ஒருவர் நேசிக்கக் காண்பது ஒருவகை. தலைவி நமக்கு எதிரே வேறொருத்தியாக நிற்க, அவளை நாம் நேசிப்பது மற்றொருவகை. பிலோமியின் இடத்தில் எவரும் புகமுடியாது. அங்கே பிலோமி இருக்கின்றாள். அவள் பெயரை மாற்றினால் கதை உடைந்துபோம். அவள் சாமிதாஸை மன்னிக்கும்பொழுது, மன்னிக்கவேண்டாமென்று அவளிடம் சொல்ல விரும்புகின்றோம். அவள் நம் சொல்லைக் கேட்கமாட்டாள் என்பதையும் அறிவோம். நம் சொல்லைக் கேளாத ஒருவரிடம் உண்டாகும் அன்பு எத்தகையதென்பதை மக்களைப் பெற்றோரைக் கேட்டால் அறியலாம்.

முதல்வகை தாழ்ந்தது, இரண்டாவது உயர்ந்தது என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். வகுப்பறையில் யான் பல்லாண்டு அவ்வாறே சொல்லி வந்தேன். ஆயின், முதல்வகையை அறியாதவர்க்கு இரண்டாவது வாய்க்குமோ என்று இப்பொழுது ஐயுறுகின்றேன். தன்னை ஒருவர் நேசிக்கக்கூடும், தன்னிடம் ஒருவர் பிழை ஒப்புக்கொள்ளக்கூடும் என்று கதையிலேனும் கண்டறியாதவர், பிறிதொருத்தியின் இழப்பைத் தாங்கி நோக்குவதற்கு வேண்டிய வலிமையை எங்கிருந்து பெறுவார்? ஒரு செய்தி இதனோடு தொடர்புடையது. முன்னாளில் முத்துக்குளிப்பு நடந்தபோது, அரசினர் பங்காக வந்த சிப்பிகளை ஆயிரக்கணக்கில் திறவாமலே ஏலத்தில் விட்டனர். உள்ளே முத்துண்டோ என அறியாமலே வணிகர் விலை கூறினர். வாடகை நூல் நிலையத்திற்குச் செல்லும் பெண்ணும் அட்டைப் படத்தை மட்டும் நோக்கி அவ்வாறே எடுத்துச் செல்கின்றாள். பல சிப்பிகளில் ஒன்றுமிராது. அதற்காக ஏலம் எடுத்தவரைப் பித்தரென்று எவரும் சொன்னதில்லை.

ஒரு திங்கள் கழித்து அத்தாயார் மீண்டும் வந்தார். இம்முறை கட்டணத்திற்காக அன்று. மகளின் சான்றிதழ் ஒன்றுக்குக் கையொப்பம் வேண்டி. அலுவலகத் தாழ்வாரத்திற் காத்திருந்தபோது யான் கேளாமலே பேசத் தொடங்கினார்.

“அந்தப் புள்ள பிலோமி, அது கதப்புள்ள இல்ல ஐயா. நம்ம தெருவுல உள்ள புள்ள. நமக்குத் தெரியும்லா.”

அழுதீர்களா என்று கேட்டேன். பிலோமிக்காக அழவில்லை என்றார். குரூஸ் மிக்கேல் வல்லத்தை விட்டுப் பிரியுமிடத்தில் அழுததாகவும், தம் தகப்பனார் வல்லம் விற்ற நாளில் தாமும் கரையில் நின்றதாகவும் சொன்னார். மரியம்மையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்விடங்களை மகள் படித்தாளா, தாண்டிச் சென்றாளா என்பதும் எனக்குத் தெரியாது. சிறிது நேரம் கழித்துச் சாமிதாஸைப் பற்றிக் கடுமையாக ஒரு சொற் கூறினார். அச்சொல்லை இச்சஞ்சிகை தாங்காது. அதன்பின் சிரித்துக்கொண்டே, இனிமேல் பழையபடி ரமணிசந்திரனையே படிக்கச் சொல்லியிருப்பதாகத் தெரிவித்தார். “இதக் கேட்டா ராத்திரி முழுக்க நெனப்பு ஓடுது. அதக் கேட்டா நல்லா உறக்கம் வருது. விடியக்காலம் மீன் ஏலத்துக்கு எந்திரிக்கணும்லா?” என்பது அவர் கூறிய காரணம். ராட்வே அம்மையாரும் இதனைக் கேட்டிருந்தால் தம் நூலிற் சேர்த்திருப்பார்.

பேச்சு முடியுந்தறுவாயில், எவ்வித முன்னுரையுமின்றி, மகளுக்கு இரண்டிடத்திலிருந்து சம்பந்தம் வந்திருக்கின்றது என்றார். ஓரிடத்தில் சீதனம் குறைவாகக் கேட்கின்றனர். மாப்பிள்ளை கப்பலிற் பணி செய்பவர். கணவருக்கும் அதுவே விருப்பம். தமக்கு மணம் பேசியபோது தம்மை எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தம் தாயையும் கேட்டதில்லை. “இந்தக் கதைகள்ல எல்லாம் அந்தப் புள்ளைகிட்ட கேக்காங்க, ரமணிசந்திரன்லயும் கேக்காங்க. அதான் நானும் கேட்டுப் பாத்தேன்” என்றார். மகள் என்ன விடை கூறினாள் என்று வினவினேன். ஆசிரியப் பயிற்சி முடியும்வரை பொறுக்கவேண்டுமென்று கூறினாளாம். அதனைக் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கடலிலிருந்து திரும்பியபின் சொல்லவேண்டும். அவர் என்ன சொல்வாரென்பது தெரியாதென்று கூறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்தினுட் சென்றார்.

அச்சான்றிதழ் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்காக வேண்டப்பட்டது என்பதைக் கையொப்பமிடும்போதுதான் கவனித்தேன். நன்னடத்தையென்னும் கட்டத்தில் எழுதவேண்டியதை எழுதிக் கொடுத்தேன்.

என் ‘கடல்புரத்தில்’ பிரதி இன்னும் திரும்பி வரவில்லை. அதனைக் கேட்பதில்லையென்று முடிவு செய்து, வேறொன்று வாங்கிக்கொண்டேன். இவ்வாண்டும் நெய்தற்கலி நடத்துகின்றேன். இரங்கலென்னும் உரிப்பொருளை விளக்குமிடத்தில் மாணவர் மடியின்மேல் வேறு புத்தகம் விரிந்திருக்குமாயின், அதன் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு அப்பாற் செல்வது என் வழக்கம்.